வீடா, விடுதியா?

(தலைப்பு: பெருந்தொற்றுக்குப் பின் கல்லூரிக்குத் திரும்பிய மருத்துவ, செவிலிய மாணவர்களைத் தாங்கிப் பிடித்தது வீடா? விடுதியா? ‘விடுதியே!’ என்னும் அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியை ஒருவரின் உரை.)

நடுவர் அவர்களே, ‘வீடே’ என்று முழங்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் தஞ்சைத் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அண்ணனுக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிஷம். அதிலே ஏழு நிமிஷம் அம்மா வைத்த ரசம். மீதி மூணு நிமிஷம் பருப்புத் துவையல். (சிரிப்பு) வீட்டுக்காக வாதாட வந்தவர் அடுப்படிக்காக வாதாடிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

நடுவர்: அவரு மத்தியானம் சாப்பிடாம வந்துட்டாரும்மா. விட்டுடுங்க. (சிரிப்பு)

சரிங்க ஐயா, விட்டுடறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ரசம் நல்ல ரசம்தான். அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டு பிள்ளை வீட்டிலேயே இருந்தபோது என்ன நடந்தது? அதை அண்ணன் சொல்லவே இல்லையே! அதைச் சொன்னால்தானே, திரும்பிப் போனபோது யார் தாங்கினார்கள் என்று பேச முடியும்?

2020 மார்ச்சிலே கல்லூரிகளை மூடினார்கள். டிசம்பர் 7ஆம் தேதி மருத்துவம், அதைச் சார்ந்த படிப்புகளுக்குக் கதவு திறந்தது. புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகளுக்கு 2021 பிப்ரவரி. அப்பாடா என்று பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்குவதற்குள் இரண்டாவது அலை. மறுபடியும் பெட்டியைக் கட்டு, ஊருக்குப் போ. அப்புறம் 2021 ஆகஸ்ட் 16ஆம் தேதி மருத்துவ, செவிலியக் கல்லூரிகளை மீண்டும் திறந்தார்கள். பள்ளிக்கூடங்களிலே ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்கே செப்டம்பர் 1ஆம் தேதிதான். ஏன் மருத்துவத்துக்கு மட்டும் அத்தனை அவசரம்?

1816ஆம் வருஷம் பாரிஸ் நகரத்திலே லென்னக் என்று ஒரு டாக்டர். ஒரு பெண்ணுக்கு நெஞ்சிலே கோளாறு. அந்தக் காலத்திலே டாக்டர் நோயாளியின் மார்பிலே காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். இவருக்குக் கூச்சம். ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை அந்தப் பெண்ணின் நெஞ்சிலே வைத்து, மறுமுனையிலே காதை வைத்தார். இன்னிக்கு டாக்டர் கழுத்திலே தொங்குதே ஸ்டெதாஸ்கோப், அது பிறந்த கதை இதுதான். காகிதக் குழாயானாலும், குழாய்க்கு அந்தப் பக்கம் ஓர் உயிருள்ள மனுஷி இருந்தாக வேண்டும் பாருங்க! செல்போனிலே இதயத்துடிப்பைப் பாடமாகப் போட்டுக் காட்டலாம். காய்ச்சலிலே கிடக்கிற கிழவரின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதைப் போனிலே எப்படிச் சொல்லித் தருவது? எம்.பி.பி.எஸ். தேர்வு எழுதவே பாட வகுப்பிலே 75 சதவீதம், செய்முறையிலே 80 சதவீதம் வருகை வேண்டும் என்று விதி இருக்கிறது. செய்முறைக்கு ஏன் கூடுதல் என்று உங்களுக்கே புரியும்.

இப்போ வீட்டுக்கு வருவோம். எதிரணியினர் சொல்கிற அந்தச் சொர்க்கத்துக்கு!

நான் பேராவூரணிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியிலே ஆசிரியை. நம்ம டெல்டாவிலே ‘கடைமடை’ என்று சொன்னால் விளக்கம் வேண்டாம். மேட்டூரிலே ஜூன் 12ஆம் தேதி தண்ணி திறந்தால் மாலை போடறாங்க, மலர் தூவறாங்க, பேப்பரிலே படம் வருது. 2020, 2021 ரெண்டு வருஷமும் அதே தேதியிலே திறந்தாங்க. ஆனா கல்லணைக் கால்வாயின் கடைசியிலே இருக்கிற எங்க ஊருக்கு அந்தத் தண்ணி வந்து சேரும்போது மாலையெல்லாம் வாடிப் போயிருக்கும்! (சிரிப்பு, கைதட்டல்) ஆன்லைன் வகுப்பும் அதே மாதிரிதான் ஐயா. தலைமடையிலே மாடி வீட்டுப் பிள்ளைக்கு வாய்க்கால் நிறையத் தண்ணி. எங்க ஊர்ப் பிள்ளைக்கு டவர் கிடைக்க வைக்கோல் போர் மேலே ஏறி உட்காரணும். மேலே ஏறினால் ஆசிரியர் வருவார். மழை வந்தால் ஆசிரியர் போயிடுவார்!

என்னிடம் படித்த ஒரு பெண். பேர் வேண்டாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலிலே அவள் அப்பா வைத்திருந்த தென்னை மரம் அத்தனையும் படுத்துவிட்டது. ஒரே ராத்திரி. அந்தக் குடும்பத்திலே இருந்து, தமிழ் வழியிலே படித்து, 2020இலே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பிலே ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு வந்ததே, அதிலே முதல் வருஷமே இடம் வாங்கினாள். ஊரே கூடிப் பஸ் ஏற்றிவிட்டது. நான் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். டாக்டர் கையெழுத்துப் போடப் போகிறாளே என்று! (கைதட்டல்)

பிப்ரவரியிலே போனாள். இரண்டாவது அலையிலே திரும்பி வந்தாள். மே மாதம் அவள் வீட்டிலே கொரோனா புகுந்தது. அவளை வளர்த்த அப்பாயி, எழுபது வயசுக்கு மேலே, ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. முகம் பார்க்க முடியவில்லை. பிளாஸ்டிக் உறையிலே சுற்றிக் கொண்டு போனார்கள். தூரத்திலே நின்று கும்பிட்டதோடு சரி. நம்மிலே எத்தனை பேர் வீட்டிலே இது நடந்தது! கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். தூக்கினால் இந்த அரங்கம் தாங்காது.

அந்த வீட்டிலே இருந்துதான் ஆகஸ்டிலே அவள் விடுதிக்குத் திரும்பினாள். எதிரணியினரைக் கேட்கிறேன்: அந்த வீடு அவளைத் தாங்கியதா? அந்த வீட்டைத் தாங்கவே ஆள் இல்லையே! அம்மாவுக்கு அழுகை, அப்பாவுக்குக் கடன். அவங்க முன்னாலே இந்தப் பொண்ணு அழ முடியுமா? “நீதாம்மா இந்த வீட்டுக்கு விளக்கு” என்று சொல்லித்தானே அனுப்பினாங்க? விளக்குன்னு சொல்லிட்டா அது எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். அணையவும் கூடாது, புகையவும் கூடாது.

நடுவர்: நல்லாச் சொன்னீங்க. அந்தப் பாரம் பெரிய பாரம்.

ஆமாங்க ஐயா. திரும்பிப் போனதும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூறு வகுப்பு. இறந்தவர் உடலை மேஜையிலே வைத்து, அறுத்துப் படிக்கிற கூடம். அந்த உடலைத்தான் தங்கள் முதல் ஆசான் என்று சொல்லி, மரியாதை செய்து உறுதிமொழி எடுத்துக்கொள்வார்கள் அந்தப் பிள்ளைகள். ஊரிலே இருந்த மூணு மாசமும் இதைப் போனிலே படமாகப் பார்த்தவள்தான். படத்துக்கு வாசனை கிடையாதே! ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும், மூக்கை அறுக்கும். பிப்ரவரியிலே அதைத் தாங்கிக்கொண்டவள் ஆகஸ்டிலே உள்ளே போனாள். மேஜையிலே ஒரு வயசான அம்மாவின் உடல். முகத்திலே துணி. கை மட்டும் வெளியே. சுருங்கின தோல், நாற்று நட்டு நட்டுத் தேய்ந்த நகம்.

அவளுக்கு அப்பாயி கை.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டிலே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ராத்திரி வீட்டிலே இருந்து போன் வருது. “சாப்பிட்டியா பாப்பா? படிக்கிறியா?” “சாப்பிட்டேம்மா. படிக்கிறேம்மா.” ரெண்டும் பொய்.

அண்ணே, உங்க வீட்டுக்கு அந்தப் பொய் தெரிஞ்சுதா? தெரியாது. யாருக்குத் தெரிஞ்சுது? அதே அறையிலே பக்கத்துக் கட்டிலிலே படுத்திருந்தவளுக்குத் தெரிஞ்சுது. தட்டு கழுவாமல் காய்ந்து கிடப்பதைப் பார்த்தவளுக்குத் தெரிஞ்சுது. (கைதட்டல்)

அந்த அறையிலே நாலு பேர். மூணு பேரும் சேர்ந்து இவளுக்குப் புத்திமதி சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க. இல்லை. ஒருத்தி, கும்பகோணத்துப் பெண், இவளோடு அந்தப் படிக்கட்டிலே வந்து உட்கார்ந்தாளாம். வகுப்பு முடிகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் அதே மாதிரி. மூணாம் நாள், “இன்னிக்கு வாசல் வரைக்கும் போவோம்டி, உள்ளே போக வேண்டாம்” என்றாள். நாலாம் நாள், “உள்ளே போய் நிப்போம், தொட வேண்டாம்.” அப்படிப் போய் நின்றபோதுதான் இவள் வாயைத் திறந்தாள். “எங்க அப்பாயியைத் தொட விடலை.” அவ்வளவுதான். அந்தக் கும்பகோணத்துப் பெண், “சரி, இவங்களைத் தொட்டுக்கோ” என்றாள். கத்தி எடுக்கச் சொல்லலை. சும்மா கையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள்.

(அரங்கில் அமைதி)

இதை எந்த மருத்துவப் புத்தகத்திலே போட்டிருக்கு? பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

எதிரணியிலே ஒரு தங்கை சொன்னாங்க: “விடுதியிலே மாணவர்கள் படிக்கிறதா? அரட்டைதான்.” தங்கச்சி, அந்த அரட்டையிலே ஒண்ணு சொல்றேன். கழுத்திலே இருந்து கைக்கு வருகிற நரம்புப் பின்னல் ஒன்று. பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்று பேரு. முதலாண்டு மாணவர்களை அழ வைக்கிற பாடம். அஞ்சு வேர் சேர்ந்து மூணு தண்டாகும். மூணும் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு ஆறாகும். ஆறும் கூடி மறுபடி மூணு கயிறாகும். அதிலே இருந்து கைக்கு அஞ்சு பெரிய நரம்பு கிளம்பும். கேட்கும்போதே தலை சுத்துதா? நகரத்திலே பெரிய பள்ளிக்கூடத்திலே படித்த பெண்ணுக்கே அது மண்டையிலே ஏறலை. எங்க ஊர்ப் பெண் கோலமாவை எடுத்து விடுதித் தரையிலே கோடு போட்டாள். “இங்கே பாருடி. கல்லணையிலே காவிரி வருது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியுது. அப்புறம் ஒவ்வொண்ணும் கிளை கிளையாப் போகுது. எந்த மதகை அடைச்சா எந்த வயல் காயும்னு எங்க அப்பாவுக்குத் தெரியும். எந்த நரம்பு அறுந்தா எந்த விரல் மரத்துப் போகும்னு நமக்குத் தெரியணும். விரல் நுனிதான்டி கடைமடை!” (பலத்த கைதட்டல்)

நடுவர்: ஆகா! கடைமடைக்காரிக்குத்தானே தண்ணியோட வழி தெரியும்!

அதுதாங்க ஐயா! அன்னிக்கு ராத்திரி அந்த அறையிலே பதினோரு பெண்கள் கூடியிருக்காங்க. இங்கிலீஷ் வராது என்று மூலையிலே ஒடுங்கிக் கிடந்தவள் அன்றைக்கு வாத்தியார். வீட்டிலே அவள் விளக்கு. சுமக்க வேண்டிய விளக்கு. விடுதியிலே அவள் தோழி. கொடுக்கவும் செய்தாள், வாங்கவும் செய்தாள்.

இப்போ என் வீட்டுக் கதை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். என் மகள் நர்ஸிங் படித்தாள். ஊசி போடுவதை ஆன்லைனிலே படித்தவள்! தலையணைக்கு ஊசி போட்டுப் பழகினாள். எங்க வீட்டுத் தலையணைக்கு வராத வியாதி இல்லை. (சிரிப்பு) கல்லூரி திறந்து வார்டுக்குப் போன முதல் வாரம், ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுக்கப் போய்க் கை நடுங்கிவிட்டது. அந்த அம்மா கத்திவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். முகத்திலே மாஸ்க், யார் சிரிக்கிறார்கள், யார் முறைக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. ராத்திரி எனக்குப் போன் பண்ணி, “அம்மா, எனக்கு வேண்டாம்மா இந்தப் படிப்பு. வீட்டுக்கு வந்துடறேன்” என்று அழுதாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆசிரியை ஆச்சே! “எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தச் சீட்டு? கொரோனாவிலே நர்சுங்க எல்லாம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தாங்க, உனக்கு ஒரு ஊசி போட முடியலையா?” என்று கேட்டேன். எவ்வளவு நியாயமான கேள்வி! போன் கட் ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஆறு மாசம் அவள் எனக்குக் கஷ்டம் என்று ஒன்றுமே சொல்லவில்லை. “நல்லா இருக்கேம்மா.” அந்தப் பேராவூரணிப் பெண் சொன்ன அதே பதில், பார்த்தீங்களா?

நான் வில்லி இல்லைங்க. பயந்தவள். வீடு பயப்படும். பிள்ளை தோற்றுவிடுமோ என்று பயம், கட்டின பணம் போய்விடுமோ என்று பயம், ஊர் என்ன சொல்லுமோ என்று பயம். பயந்தவங்க கிட்டே போய் யாராவது தன் பயத்தைச் சொல்வாங்களா?

என் மகள் எப்படித் தேறினாள் என்று கேட்பீங்க. விடுதித் தோழிகள் தங்கள் கையை நீட்டினாங்க. “எங்க நரம்பைத் தேடுடி, கட்டுப் போடுடி, நாடி பாருடி.” சாயங்காலம் ஆனால் ஒருத்தருக்கொருத்தர் ரத்த அழுத்தம் பார்ப்பது. ஆள் போதவில்லை. சமையற்கட்டுக்குப் போய்ச் சமைக்கிற அக்காவைப் பிடிச்சுட்டாங்க. ஒரே நாளிலே பதினாலு பேர் அந்த அக்காவுக்கு பி.பி. பார்த்திருக்காங்க. பதினஞ்சாவது ஆள் போனபோது அந்த அக்கா கரண்டியைத் தூக்கிட்டாங்க: “காலையிலே எனக்கு பிரஷர் இல்லைடி. இப்போ நீங்கதான் ஏத்தி விட்டுட்டீங்க!” (பலத்த சிரிப்பு) அந்த அக்கா கையிலே பழகின கைதான், பின்னாலே ராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் போனபோது பிரசவ வார்டிலே நடுங்காமல் நின்றது.

நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எல்லா விடுதியும் இப்படி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்த பிள்ளைகள் உண்டு. தட்ட ஆளில்லாமல் போன அறைகளும் உண்டு. எதிரணியினர் அதைச் சொன்னபோது எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனால் அதற்கு மருந்து என்ன என்று தமிழ்நாடு அரசு யோசித்தபோது, “எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்று சொல்லவில்லையே! 2022 டிசம்பரிலே அரசு மருத்துவக் கல்லூரிகளிலே ‘மனம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மனநல நல்லாதரவு மன்றம். கல்லூரிக்குள்ளேயே, மாணவர்களையே சேர்த்துக்கொண்டு நடத்துகிற மன்றம். ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு கனத்தால் 14416 என்கிற எண்ணுக்குக் கூப்பிடலாம், தமிழிலே பேசலாம். டாக்டர்களுக்குப் படிக்கிறவர்களுக்கும் மனசு வலிக்கும் என்று ஒத்துக்கொள்ளவே நமக்கு ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது. அது தனிக் கதை.

நடுவர்: நேரம் ஆச்சும்மா. மணி அடிக்கப் போறேன்.

ஒரே ஒரு நிமிஷம் ஐயா. பொங்கல் கதையைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

2023 பொங்கலுக்கு அந்தப் பேராவூரணிப் பெண் ஊருக்கு வந்தாள். தனியாக வரவில்லை. அறைத் தோழிகள் மூணு பேரும் கூட. நான் பார்க்கப் போயிருந்தேன். வாசலிலே புதுசா வைத்த தென்னங்கன்றுகள், இடுப்பு உயரம் இருக்கும். மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி, அப்பாயி படுத்திருந்த அறையிலே பாயை விரித்து நாலு பேரும் உட்கார்ந்திருக்காங்க. அம்மா பால் காய்ச்சிக் கொண்டு வந்தாங்க. அந்தக் கும்பகோணத்துப் பெண் இவள் விலாவிலே ஒரு இடி இடிச்சு, “அம்மாகிட்டே சொல்லுடி” என்றாள். இவள் முழிக்கிறாள். மறுபடி ஒரு இடி. அப்புறம்தான், ஒன்றரை வருஷம் கழித்து, அந்தக் கூடத்தையும் மேஜையையும் படிக்கட்டையும் பெத்த தாய்கிட்டே சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போது இவள் கையை அந்தத் தோழி விடவே இல்லை.

அந்தத் தாய் அழுவாங்கன்னு நான் பயந்தேன். அழலை. கும்பகோணத்துப் பெண்ணைப் பார்த்து, “அந்த அம்மா கை சில்லுனு இருந்துச்சா தாயி?” என்று கேட்டாங்க. “ஆமாம்மா” என்றாள் அவள். “இவ பிடிச்சதுக்கு அப்புறம்?” என்றாங்க. அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “கையுறை போட்டிருந்தோம்மா, தெரியலை” என்றாள். அந்த அறையிலே எல்லாரும் சிரிச்சுட்டோம். அப்பாயி போனதுக்கு அப்புறம் அந்த வீட்டிலே முதல் சிரிப்பு அதுதான் என்று அவள் அப்பா திண்ணையிலே என்னிடம் சொன்னார்.

நல்ல தீர்ப்பை நடுவர் ஐயாவிடம் விட்டுவிட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)